இனயத்திற்கு வந்த தூது

கடல்வழியாகப் பொருள் தேடப் பிரிந்து செல்வோர் மகளிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. கல்லூரி வகுப்பறையில் இந்நூற்பாவைப் பாடம் கேட்டபோது வெளியூர் மாணவர்கள் அதனைத் தேர்வுக்குரிய வரியாகக் குறித்துக்கொண்டனர். இனயத்திலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் சென்றிருந்த நாங்களோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்விதியின்படி நடக்கும் இல்லங்களிலிருந்தே நாங்கள் வந்திருந்தோம். தலைவன் தம்மாமில் இருந்தான். தலைவி இனயத்தில் இருந்தாள்.

பாலைத்திணையைப் பயில்வோர் தூது இலக்கியத்தையும் பயில்வர். சத்திமுத்தப் புலவர் மதுரையில் குளிரில் நடுங்கியபடி தம் மனைவிக்குச் செய்தி சொல்லுமாறு ஒரு நாரையை வேண்டினார். அந்நாரை குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் நாரை என்பதில் எங்கள் பகுதியினருக்குத் தனிப் பெருமிதம் உண்டு. நாரைக்குக் கூலி இல்லை. அக்காலத் தூது இலவசம் என்பதை எங்கள் பேராசிரியர் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். நாங்கள் சிரித்தோம், ஆயின் அன்று மாலையே கருங்கல் சந்திப்பில் தொலைபேசிக் கட்டணத்திற்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தோம்.

வாப்பா 1983இல் சவூதி அரேபியாவிற்குச் சென்றார்கள். தொடக்கத்தில் கடிதமே துணை. பின்னர் ஒலிப்பதிவு நாடாக்கள் வரலாயின. விடுப்பில் ஊர் திரும்பும் எவரேனும் பெட்டியின் அடியில் வைத்துக் கொணர்வர். வாப்பா பேசிய நாடாவை உம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் தாமே கேட்பார்கள். பிறகே எங்களுக்குக் கேட்கக் கிடைக்கும். நாடாவின் மறுபக்கத்தில் எங்கள் குரல்களைப் பதிந்து அனுப்புவோம். வினாவுக்கு விடை வர இரண்டு மாதங்கள் ஆகும். "ஆடு குட்டி போட்டதா?" என்று வாப்பா கேட்ட நாடா வந்து சேர்ந்தபோது அக்குட்டியை விற்றே விட்டிருந்தோம்.

1990களில் மஞ்சள் பலகையுடன் தொலைபேசிக் கூடங்கள் தோன்றின. எங்கள் இல்லத்தில் தொலைபேசி இல்லை. அண்டை வீட்டாரின் எண்ணையே 'பி.பி. எண்' என்று கடிதத் தலைப்பில் எழுதிவந்தோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பா அழைக்கும்போது எங்களுக்குப் பிற்பகல் மூன்றரை மணியாகும். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. அவ்வீட்டுத் திண்ணையில் மூன்று மணிக்கே உம்மா போய் அமர்ந்துவிடுவார்கள். அழைப்பு வராத வெள்ளிகளும் உண்டு. அவ்வாரங்களில் அவர்கள் எங்களோடு அதிகம் பேசமாட்டார்கள்.

வந்த அழைப்புகளிலும் இடர்ப்பாடு இருந்தது. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. குரல் அவ்வளவு தொலைவு ஏறி இறங்கக் கால் நொடி பிடிக்கும். விடை திரும்ப இன்னொரு கால் நொடி. பேச்சில் அரை நொடி என்பது பெரும் இடைவெளி. மறுமுனை மௌனமாயிருக்கிறது என்றெண்ணி உம்மா மீண்டும் "ஹலோ" என்பார்கள், அதே கணத்தில் வாப்பாவும் பேசுவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், மறுபடி இருவரும் ஒருங்கே தொடங்குவார்கள். கட்டணம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

வாப்பா 2001இல் ஊர் திரும்பினார்கள். 2004இல் காக்கா ஷார்ஜாவிற்குப் புறப்பட்டார். திண்ணை மாறவில்லை, காத்திருப்பவர் மட்டும் இருவராயினர். மலிவாகப் பேசும் வழியைத் தேடும் பொறுப்பு, இல்லத்தில் எஞ்சியிருந்த எங்கள்மேல் விழுந்தது.

காக்காவே முதலில் ஒரு வழி கண்டார். அதற்கு அங்குள்ளோர் 'நெட் கால்' என்று பெயரிட்டிருந்தனர். தொழிலாளர் தங்கும் அறையொன்றில் கணினி வைத்திருந்தவரிடம் சிறு தொகை கொடுத்தால் நெடுநேரம் பேசலாம். முதல் நாள் அவர் இருபத்தைந்து நிமிடங்கள் பேசினார். உம்மாவிற்கு அத்தனை நேரம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. மீன் விலையிலிருந்து தென்னையில் விழுந்த வண்டு வரை சொல்லி முடித்தார்கள். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வாப்பா தொலைபேசியின் சிறு திரையைப் பார்த்தார்கள். அதில் தெரிந்தது நம் நாட்டு எண்.

"மக்களே, நீ ஷார்ஜாவிலதானே இருக்கே? இது யாரோட நம்பர்?" என்று கேட்டார்கள். காக்காவிடம் விடை இல்லை.

விடையைப் பிற்காலத்தில் நாங்கள் கற்றறிந்தோம். வெளிநாட்டு அழைப்பு முறைப்படி உரிமம் பெற்ற நிறுவனத்தின் வாயிலாக நுழைந்தால், அழைப்பை இறக்கித்தரும் இந்திய நிறுவனத்திற்கு நிமிடக் கணக்கில் ஒரு கட்டணம் செலுத்தியாக வேண்டும். 2018 பிப்ரவரியில் ஒழுங்குமுறை ஆணையம் அதனை 53 காசிலிருந்து 30 காசாகக் குறைத்தது. இக்கட்டணத்தைத் தப்பிக்கவே கள்ள இணைப்பகங்கள் முளைத்தன. குரல் இணையம் வழியாக நம் நாட்டின் ஏதோவொரு வாடகை அறைக்கு வந்து சேரும். அங்கே பல சிம் அட்டைகள் செருகப்பட்ட ஒரு பெட்டி, அதனை உள்ளூர் அழைப்பாக மாற்றி நம்மிடம் தள்ளிவிடும். அழைத்தவர் யார், எங்கிருந்து அழைத்தார் என்ற தடயம் அழிந்துபோகும். காவல்துறையினர் அத்தகைய பெட்டிகளைத் தேடிப் பறிமுதல் செய்வதன் காரணம் வருவாய் இழப்பு மட்டுமன்று.

அன்று வாப்பாவிற்கு இத்துணை நுட்பம் தெரியாது. அமீரகத்தில் உரிமம் பெற்ற நிறுவனம் வாயிலாகவன்றி இணையத்தில் பேசுதல் கூடாது என்பது மட்டும் தெரியும். விசாத் தாளில் கையொப்பமிட்டவன் அந்நாட்டாரோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்குள் நிற்கிறான் என்பது அவர்கள் வாதம். "பதினெட்டு வருஷம் அந்த மண்ணு சோறு தின்னேன். களவு விளியில எனக்குப் பேச வேண்டாம்" என்று கூறி எழுந்துவிட்டார்கள். உம்மா அடுக்களையிலிருந்தே மறுமொழி சொன்னார்கள்: "சட்டம் எழுதினவனுக்கு உம்மா இல்லியா?"

இருவரில் எவரையும் நாங்கள் மறுக்க இயலவில்லை. இன்றும் இயலவில்லை. மார்க்க அறிஞர் ஒருவரிடம் கேட்கலாம் என்று எங்களுள் ஒருவர் சொன்னதுண்டு. கேட்டிருந்தால் வாப்பா சொன்னதையே அவரும் சொல்லியிருப்பார், உம்மாவின் வினா அப்படியே நின்றிருக்கும். காக்கா நெட் காலை விட்டார். வாரம் நான்கு நிமிடம் என்று முறையான அட்டையில் பேசலானார்.

வழி மறுமுனையில் இருந்ததை நாங்கள் பிந்தியே கண்டோம். நடுவண் அரசு 2002 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இணையத் தொலைபேசியை வரையறையோடு அனுமதித்திருந்தது. இந்தியாவிலுள்ள கணினியிலிருந்து வெளிநாட்டிலுள்ள கணினியையோ தொலைபேசியையோ அழைக்கலாம். உள்நாட்டுத் தொலைபேசியை அழைத்தல் கூடாது. அதாவது காக்கா கணினி வழியாக எங்களை அழைப்பது அங்கே குற்றம். நாங்கள் கணினி வழியாகக் காக்காவின் கைப்பேசியை அழைப்பது இங்கே நியாயம். அவர் கைப்பேசிக்கு வரும் அழைப்பிற்கு அவருக்குச் செலவும் இல்லை. செய்தித்தாள் துணுக்கொன்றில் இதனைப் படித்தபோது, தேர்வில் முதல் வகுப்புப் பெற்றது போன்ற களிப்பு எங்களுக்கு.

கருங்கலில் ஓர் இணைய மையம் இருந்தது. வாப்பா நேரில் வந்து, உரிமம் உண்டா என்று உரிமையாளரிடம் விசாரித்தார்கள். அவர் முகம் சுளித்தாலும் சட்டமிட்ட தாளொன்றைச் சுவரில் காட்டினார். உம்மா முக்காட்டின்மேல் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, கணினித் திரையைப் பார்த்தபடி, "எம் பிள்ளை இதுக்குள்ளயா இருக்கான்?" என்று கேட்டார்கள்.

குரல் வந்தது, ஆனால் துண்டு துண்டாக வந்தது. பழைய தொலைபேசியில் இருவருக்கிடையே ஒரு பாதை முழுவதும் ஒதுக்கப்பட்டிருக்கும். இணையத்திலோ குரல் நொடியில் ஐம்பதிலொரு பங்களவு நீளமுள்ள சிறு பொட்டலங்களாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலமும் தனித்தனியே பயணம் செய்கிறது. பிந்தி வந்ததற்குக் காத்திராமல் அதனை எறிந்துவிட்டுக் கருவி மேலே செல்கிறது. கடிதத்தில் ஓர் எழுத்து பிந்தினால் பொறுக்கலாம்; பேச்சில் பொறுக்க இயலாது. மலிவிற்குக் காரணமும் இதுவே. ஒரே கம்பியில் ஆயிரம் பேரின் பொட்டலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. எங்கள் ஊர்ப் பேருந்தைப் போன்றது என்று உம்மாவிற்கு விளக்கினோம். அவர்கள் அதனை உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

ஏமாற்றமும் உண்டு. குறைந்த விலையில் நிறைய நிமிடங்கள் தருவதாகச் சொன்ன சேவையொன்றிற்கு ஆறு மாதத்திற்கான தொகையை முன்கூட்டியே செலுத்தினோம். மூன்றாம் வாரத்தில் அச்சேவை மறைந்தது. முறையிட முகவரியும் இல்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கருகே கடலடிக் கம்பிகள் அறுந்தன. இரண்டு நாள் கழித்துத் துபாய்க்கருகே இன்னொன்று அறுந்தது. குரல் வானத்தில் போகிறது என்றே அதுவரை நம்பியிருந்த உம்மா, அது கடலுக்கடியில் கிடக்கும் கம்பியில் போகிறது என்றறிந்து வியந்தார்கள். "அப்ப நம்ம கடலுதான் கொண்டு போவுதா?" என்றார்கள்.

அக்கடலைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி முனையைக் கடந்து சென்றபோது எங்கள் அண்டை மீனவச் சகோதரர்கள் ஆழ்கடலில் இருந்தனர். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று கரை நெடுகிலும் அழுகுரல். அன்று இனயத்திலிருந்து ஷார்ஜாவிற்கு ஒரு காசின்றிச் செய்தி அனுப்ப முடிந்தது. கரையிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் படகிலிருந்தவரை எட்ட முடியவில்லை. கைப்பேசிக் கோபுரத்தின் வீச்சு கரையை விட்டு அதிகம் நீளாது. படகின் சிறு வயர்லெஸ் கருவிக்கும் எல்லை உண்டு. திண்ணையில் காத்திருத்தல் எத்தகையது என்பதை அறிந்திருந்த உம்மா, அவ்வாரம் முழுவதும் காக்காவோடு பேச மறுத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் விளி வராதபோது நமக்கு மட்டும் எதற்கு என்றார்கள்.

இடையில் உலகம் வெகுவாக மாறியிருந்தது. 2003இல் தோன்றிய ஸ்கைப், கணினிக்குக் கணினி இலவசப் பேச்சைப் பொதுவழக்காக்கியது. 2025 மே 5 அன்று அதன் சேவையும் நிறுத்தப்பட்டது. வாட்ஸ்அப் 2015இல் குரல் அழைப்பையும் 2016இல் காணொலி அழைப்பையும் தந்தது. சவூதி அரசு 2017 செப்டம்பரில் இணைய அழைப்பின் மீதான தடையை நீக்கியது. வாப்பா பதினெட்டாண்டு பணிசெய்த மண்ணில் வழி திறந்தது. அப்போது அங்கே எங்களவர் எவரும் இல்லை. காக்கா இருந்த அமீரகத்தில் தடை நீடித்தது. ஆயினும் அங்கே வாட்ஸ்அப்பில் அழைக்கத்தான் இயலாது. குரலைப் பதிந்து அனுப்ப இயலும். ஆகவே காக்கா பேசிப் பதிந்து அனுப்புவார். உம்மா கேட்டுவிட்டு மறுமொழியைப் பதிவார்கள். முப்பதாண்டு சுற்றி நாங்கள் ஒலிநாடாவிற்கே திரும்பிவிட்டோம். உம்மாவிற்கு இம்முறையே பெரிதும் பிடித்தது. ஒரே பதிவை நாலைந்து முறை கேட்பார்கள், முதல்முறை கதவைச் சாத்திக்கொண்டு.

எது இலவசம் என்று இன்று மாணவர் எங்களிடம் கேட்பதுண்டு. இருமுனையிலும் ஒரே செயலி இருந்தால் இணையக் கட்டணம் தவிர வேறு செலவில்லை. செயலியிலிருந்து சாதாரண எண்ணை அழைப்பதாயின் இறக்கித்தரும் நிறுவனத்திற்கு எவரேனும் பணம் கொடுத்தே ஆகவேண்டும்; அதையும் இலவசம் என்று சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. அறியாத அயல்நாட்டு எண்ணிலிருந்து ஒரு மணி அடித்து நின்றால் திருப்பி அழைக்க வேண்டா. திருப்பி அழைப்பவரின் கட்டணத்தில் பங்கு பெறுவதே அவர்கள் பிழைப்பு.

2018இல் உம்மா நோயுற்றார்கள். ரமலான் மாதம். காக்காவிற்கு விடுப்புக் கிட்டவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் அமீரகத்தில் உரிமம் பெற்ற சில செயலிகளை மட்டும் மாதம் 50 திர்ஹம் கட்டணத்தில் பயன்படுத்த அனுமதித்திருந்தனர். காக்கா பணம் கட்டி, கட்டியதற்கான செய்தியைப் படமெடுத்து வாப்பாவிற்கு அனுப்பினார். வாப்பா மூக்குக்கண்ணாடியை அணிந்து அதனை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். பிறகு கைப்பேசியை உம்மாவின் கையில் தாமே கொடுத்தார்கள்.

அது காணொலி அழைப்பு என்று நாங்கள் பலமுறை சொன்னோம். உம்மா கேட்கவில்லை. குரல் வரும் கருவியைக் காதில் வைத்தே அவர்களுக்குப் பழக்கம். நாங்கள் விலக்கி முகத்திற்கு நேரே பிடித்தால், மறுபடியும் காதோடு சேர்த்துக்கொள்வார்கள். "சாப்பிட்டியா மக்களே? நோம்பு தொறக்க என்ன வச்சிருக்கே?" என்று கண்களை மூடிக்கொண்டு கேட்டார்கள். நாற்பது நிமிடமும் அப்படியே பேசினார்கள்.

பெருநாள் கழிந்து நான்காம் நாள் உம்மா காலமானார்கள். அடக்கத்திற்குக் காக்கா வந்து சேர இயலவில்லை; பதினொரு நாள் கழித்து வந்தார். உம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று உறவினர் ஒருவர் வருந்தினார். காக்கா உடனே ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு திண்ணையில் எங்களிடம் மட்டும் சொன்னார்: அந்த நாற்பது நிமிடமும் திரை நிறைய உம்மாவின் காதே தெரிந்தது, அலுக்கத்துப் போட்டுத் தளர்ந்த துளைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன், சிறுவயதில் மடியில் படுத்து எண்ணியபோது இருந்த அதே எண்ணிக்கைதான்.