ஒரு வால் செய்த வேலை

இங்கிலீஷில் ‘ஹார்ட்’ என்று ஒரு சொல். ‘ஹார்ட்லி’ என்று இன்னொரு சொல். பார்த்தால் தாயும் பிள்ளையும் போல் இருக்கும். பழகினால்தான் தெரியும், இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் என்று. எனக்கு அது தெரிய வெகு காலம் ஆயிற்று.

என் சித்தப்பா ஒரு மில் கிடங்கில் பஞ்சுப் பேல்களை எண்ணிக் கணக்கு வைப்பவர். இங்கிலீஷ் தெரியாது. நான் கல்லூரியில் 2 வருஷம் படித்துவிட்டு வந்து நின்ற சமயம், “சம்பளம் கூட்டச் சொல்லி ஒரு மனு எழுதுடா. இங்கிலீஷ்லயே இருக்கட்டும்” என்றார்.

எழுதினேன். மெதுவான என்பதற்கு ‘ஸ்லோ’, மெதுவாக என்பதற்கு ‘ஸ்லோலி’. அப்படியானால் கடினமான என்பது ‘ஹார்ட்’, கடினமாக என்பது ‘ஹார்ட்லி’தானே! ‘22 வருஷமாகக் கடினமாக உழைத்திருக்கிறேன்’ என்ற வாக்கியத்தில் அந்த ‘லி’ என்னும் வாலை நானே ஒட்டினேன்.

‘ஹார்ட்’டுக்கு வால் தேவையில்லை. கல்லைப் பற்றிச் சொன்னால் பெயருக்கு அடைமொழி. உழைப்பைப் பற்றிச் சொன்னால் வினைக்கு அடைமொழி. இரண்டு இடத்திலும் ஒரே உருவம். ‘ஹார்ட்லி’யோ ‘இல்லை’ என்பதை வயிற்றுக்குள் ஒளித்து வைத்திருக்கும் சொல். அதோடு ‘நாட்’ கூடச் சேர்க்க வேண்டாம். ஆக, ‘22 வருஷமாக நான் வேலை செய்ததே இல்லை எனலாம்’ என்று சித்தப்பாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல் ஆயிற்று.

“மனுவைப் படிச்சு மானேஜரே சிரிச்சாருடா. நல்லா எழுதியிருக்கே!” என்றார் சித்தப்பா அன்று மாலை. சம்பளம் மட்டும் உயரவில்லை. அந்தச் சிரிப்பின் பொருளை, அவர் காலமான பிறகு, அந்த ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் எனக்குச் சொன்னார். ஆபீஸே சிரித்ததாம், சித்தப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தாராம்.

பின்னால் ஒரு விஷயம் கண்டுகொண்டேன். 1611-ல் வெளியான ஆங்கில பைபிளில், பணக்காரன் பரலோகம் புகுவதைப் பற்றிய இடத்தில் ‘ஹார்ட்லி’ வருகிறது. அங்கே அதற்குப் பொருள் ‘வெகு சிரமப்பட்டு’ என்பது. தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் நிற்பது ‘அரிது’ என்ற சொல். நம் ‘அரிது’வும் அப்படித்தான்: செய்வதற்கு அரிது என்றால் கஷ்டம், காண்பது அரிது என்றால் அபூர்வம். கஷ்டமாக நடப்பது எப்போதாவதுதானே நடக்கும்? அந்த வழியாகத்தான் ‘ஹார்ட்லி’யும் கஷ்டத்திலிருந்து இன்மைக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே 400 வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷில் என் மனு சரிதான். சித்தப்பா சிரமப்பட்டுத்தான் உழைத்தார். ஆனால், இந்தச் சமாதானத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

மானேஜரைக் குறை சொல்வானேன்? பக்கத்திலிருந்த அகராதியைப் புரட்டச் சோம்பியவன் நான். அந்த மனு விஷயத்தில் ‘ஹார்ட்லி’ உழைத்தவன் ஒருவன் உண்டு. அது சித்தப்பா அல்ல.