ராபினுக்கு ஓட்டு

பேட்மேனை எல்லாருக்கும் தெரியும். கூடவே ஓடுற ராபினைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் அவனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அமெரிக்கக் காமிக்ஸில் ராபின் முதலில் வந்தது 1940-ல். பெயர் டிக் கிரேசன். அப்பா, அம்மா சர்க்கஸில் பார் ஆடுபவர்கள். ரவுடிகள் அவர்களைக் கொன்றதால் பேட்மேன் அவனை வளர்த்தார். பேட்மேன் தனியாக இருந்தால் யாரிடம் பேசுவார்? அதற்குத்தான் இந்தத் துணை.

டிக் பெரியவன் ஆனதும் ஜேசன் டாட் ராபின் ஆனான். அவன் கோபக்காரன், சொன்ன பேச்சு கேட்கமாட்டான். நிறைய வாசகர்களுக்கு அவனைப் பிடிக்கவில்லை. 1988-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜோக்கர் வைத்த குண்டில் ஜேசன் பிழைக்கணுமா, சாகணுமா என்று வாசகர்களையே போனில் ஓட்டுப் போடச் சொன்னார்கள். சாகட்டும் என்றவர்கள் 5,343. பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. வித்தியாசம் வெறும் 72. செத்துட்டான்.

கதைதானே என்பீர்கள். 2005-ல் கதையில் உயிரோடு திரும்பியும் வந்துவிட்டான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கதையில் ஜேசன் பெற்ற அம்மாவைத் தேடிப் போகிறான். அம்மாவே அவனை ஜோக்கரிடம் காட்டிக் கொடுக்கிறாள். அப்பவும் குண்டு வெடிக்கும்போது அம்மாவைத்தான் மறைத்து நிற்கிறான். அவனா கெட்டவன்? நம்ம வயசில் யாருக்குத்தான் கோபம் வராது?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 37 பேர் மாற்றி ஓட்டுப் போட்டிருந்தால் பிழைத்திருப்பான். எங்க வகுப்பிலேயே 41 பேர் இருக்கோம்.