தேசிக்காய்ப் புளி

எங்கள் உணவகத்தின் பின்பக்கம், கோப்பை கழுவும் இயந்திரத்துக்குக் கீழே மூன்று பிளாஸ்ரிக் வாளிகள் இருக்கின்றன. ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும் காரம். இன்னொன்றில் கிருமி கொல்லும் குளோரீன் நீர். மூன்றாவதில் கோப்பையில் நீர்த்துளி தங்காமல் வழிந்தோடச் செய்யும் திரவம். இவற்றுக்குத் தள்ளி ஒரு போத்தலில் அமிலம். தண்ணீர் இயந்திரத்துக்குள் கட்டிவிடும் வெள்ளைச் சுண்ணாம்பைக் கரைக்க அதை இடைக்கிடை எடுப்போம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் என் படிப்பு இரண்டாம் ஆண்டோடு நின்றது. அங்கே தொட்ட இரசாயனங்களைவிட ரொறன்ரோவின் சமையலறைகளில் நான் தொட்டவை அதிகம்.

போன மாரியில் ஒருநாள் இரவு, கடை மூடுகிற நேரம். வவுனியாவிலிருந்து வந்த பெடியன் ஒருவன் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது கிழமை. அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. நிலத்தில் படிந்திருந்த கறையைப் போக்க அந்த அமிலத்தை ஊற்றித் தேய்த்திருக்கிறான். போகவில்லை என்றதும் அதன் மேலேயே பிளீச்சையும் ஊற்றிவிட்டான். எனக்கு முதலில் வந்தது மணம். இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலங்களில் கிணற்றுக்குத் தூள் போட்டதும் எழும்புமே, அந்த மணம், ஆனால் நூறு மடங்கு. தொண்டை இறுகியது. அவனைக் கொலரில் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவால் பனிக்குள் பாய்ந்தேன். இருமி இருமிக் கண்ணீர் வழிய அவன் சொன்னான்:

"அண்ணை, ரெண்டும் கழுவுற சாமான்தானே. சேர்த்தா இன்னும் வடிவா வெளிக்கும் எண்டு நினைச்சன்."

சிரிப்பதற்கில்லை. இது நம்மில் எவருக்கும் வரக்கூடிய நினைப்பு. பிளீச்சில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. அமிலம் பட்டால் அதிலிருந்து குளோரீன் வாயு கிளம்பும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவம் பட்டால் குளோரமீன் என்ற வேறொரு நச்சு. குளோரீன் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். குனிந்து தேய்ப்பவனின் முகத்துக்கே முதலில் வரும். 2019 நவம்பரில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில், பேர்லிங்ரன் என்ற ஊரின் உணவகம் ஒன்றில் இதேதான் நடந்தது. நிலத்தில் சிந்தியிருந்த அமிலத் துப்புரவுத் திரவத்தோடு பிளீச் கலந்துவிட்டது. அதை வெளியே தள்ளிவிட முயன்ற முகாமையாளர் இறந்துபோனார். பத்துப் பேருக்கு மேல் வைத்தியசாலைக்குப் போனார்கள்.

இந்த வாயுவின் கதை நீண்டது. 1774 இல் சுவீடனில் ஷீலே என்ற மருந்துக்கடைக்காரர் ஒரு கறுப்புத் தாதுவோடு அமிலத்தைச் சேர்த்து இதை முதலில் பிரித்தெடுத்தார். கண்டுபிடிக்கும் பொருட்களை முகர்ந்தும் நாக்கில் வைத்தும் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் செத்துப்போனார். 1915 ஏப்ரலில் ஈப்ர நகருக்கு வெளியே ஜேர்மன் படைகள் இதைக் காற்றில் அவிழ்த்துவிட்டபோது, கனடியப் படைவீரர்கள் மூத்திரத்தில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றார்கள். நவம்பரில் நாங்களும் சட்டையில் குத்திக்கொள்கிற சிவப்புப் பூவுக்குப் பின்னால் அந்தக் களமும் இருக்கிறது. எங்களுடைய போரிலும் இது வந்தது. 1990 ஜூனில் கிழக்கில் கிரான் இராணுவ முகாம் மீது புலிகள் குளோரீனைப் பாவித்தார்கள். கிணற்றைச் சுத்தமாக்குவதும் இதுதான், கோப்பையைக் கழுவுவதும் இதுதான், நெஞ்சை எரிப்பதும் இதுதான்.

அன்றிரவு முதலாளி "கதவைத் திறந்துவிட்டுப் பத்து நிமிசத்தில் உள்ளே போங்கோ" என்றார். நான் மாட்டேன் என்றேன். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை ஒன்ராறியோச் சட்டத்தில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதை நான் பாவித்தது அதுதான் முதல் தடவை. தீயணைப்புப் படை வந்து, காற்றை அளந்து பார்த்து, போகலாம் என்ற பிறகுதான் போனோம். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அதைவிடப் பழைய பயம் ஒன்று என்னிடம் உண்டு. அதை இதுவரை எவருக்கும் எழுதியதில்லை.

2002. பாதை திறந்து, தடைப்பட்டிருந்த சாமான்கள் வரத் தொடங்கிய காலம். எனக்குப் பதினைந்து வயது. சிநேகிதனின் அம்மா வீட்டில் சவர்க்காரம் செய்து விற்பதற்காகக் கோஸ்ரிக் சோடா வாங்கி வைத்திருந்தா. அலுமினியத்தோடு அது சேர்ந்தால் ஐதரசன் வரும் என்று நான் புத்தகத்தில் வாசித்திருந்தேன். ஐதரசன் நிரப்பிய பலூன் மேலே பறக்கும். எங்கள் ஊரில் அப்படியொரு பலூனை எவரும் பறக்கவிட்டதில்லை. சோடாப் போத்தலுக்குள் கோஸ்ரிக் கரைசல், அதற்குள் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், வாயில் பலூன். மெல்ல மெல்லத்தான் ஊதியது. "இன்னும் போடடா" என்று சொன்னவன் நான். அந்தத் தாக்கம் தன் சூட்டிலேயே தன்னை வேகப்படுத்தும் என்பது புத்தகத்தில் நான் வாசித்த பக்கத்தில் இருக்கவில்லை. போத்தல் கொதித்தது. பலூனைக் கழற்ற அவன் குனிந்தபோது நுரை சீறி அவன் முகத்தில் அடித்தது.

கிணறு பத்தடி தூரத்தில் இருந்தது. நான் ஓடியது குசினிக்கு. காரத்தை அமிலம் நடுநிலையாக்கும் என்று வகுப்பில் படித்திருந்தேன் அல்லவா? தேசிக்காய் ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து அவனுடைய கண்ணில் பிழிந்தேன். அவன் கத்திய கத்தலில் ஆச்சி ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினா. ஆச்சி மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை.

பிறகுதான் அறிந்தேன். அமிலம் பட்ட இடத்தில் புரதம் திரைந்து, பல நேரம் அதுவே ஒரு தடுப்பாகிவிடும். காரம் அப்படி நிற்பதில்லை. கலங்களில் இருக்கும் கொழுப்பைச் சவர்க்காரமாக்கி உள்ளே உள்ளே போகும். அவனுடைய அம்மா சட்டியில் கிண்டிய அதே தாக்கம்தான் அவன் கண்ணிலும் நடந்தது. அதற்கு மருந்து ஒன்றுதான்: உடனே தண்ணீர், குறைந்தது கால் மணித்தியாலம் விடாமல் தண்ணீர், பிறகு வைத்தியசாலை. நடுநிலையாக்குகிறேன் என்று வேறெதையும் ஊற்றினால் வீணாவது அந்த முதல் நிமிடங்கள். அவனுக்கு இடது கண்ணில் இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும்.

ஒன்றும் தெரியாதவன் தண்ணீரைத் தேடியிருப்பான். நன்றாகத் தெரிந்தவனும் தண்ணீரைத் தேடியிருப்பான். அரைகுறையாகத் தெரிந்த நான் தேசிக்காயைத் தேடினேன்.

இப்போது என் மகனுக்குப் பதினொரு வயது. கைத்தொலைபேசியில் எதையெதையோ பார்த்துவிட்டு, "அப்பா, இது செய்வமா?" என்று ஒவ்வொரு கிழமையும் வந்து நிற்கிறான். 2025 தீபாவளி நேரம் போபாலில் பிள்ளைகள் காபைட்டை வைத்துக் குழாய்த் துவக்குச் செய்து, பலருடைய கண் பாதிக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் பார்த்த நாளிலிருந்து அவன் கேட்டதற்கெல்லாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொன்னால் அவன் செய்யாமல் விடமாட்டான், எனக்குத் தெரியாமல் செய்வான். என் வீட்டிலும் எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை இருத்திவைத்து இந்தக் கதையைச் சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் அப்பா முதலே தண்ணி ஊத்தேல்ல?" இருபத்துமூன்று வருடமாக நான் என்னையே கேட்கிற கேள்வி.

அன்று உணவகத்திலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கோவாவை அவித்து, அந்த ஊதா நீரில் தேசிக்காய்ப் புளியும் அப்பச்சோடாவும் தனித்தனியாக விட்டுப் பார்த்தோம். ஒன்று இளஞ்சிவப்பு, மற்றது நீலப்பச்சை. அதற்குத் தேவையில்லாவிட்டாலும் அவனுக்குக் கண்ணாடி போட்டுவிட்டேன். பழக்கம் வரட்டும். பாதியில் வட்ஸ்அப்பில் சிநேகிதன் வந்தான். தான் செய்வதையெல்லாம் மகன் அவனுக்குக் காட்டினான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவன் கேட்டான்:

"தம்பி, பக்கத்தில தண்ணி வைச்சிருக்கிறியோ?"

மகன் வாளியைத் தூக்கிக் காட்டினான். நான் அடுப்பைத் துடைப்பதுபோலத் திரும்பி நின்றேன்.