பளம் என்று சொல்லும் வாய்

பொழுது சாய்கிற நேரத்தில் சேவுகம்பட்டித் தெருவில் நின்றால் ஊரே பேசுவது காதில் விழும். "எங்கிட்டுடா போயித் தொலஞ்ச? வெரசா வா, வெஞ்சனம் ஆறிப்போகுது" என்று அப்பத்தா வாசலில் நின்று கூப்பிடும். மூன்றாவது வீட்டில் தெலுங்கு ஓடும். அந்த வீட்டு அத்தை புளி கேட்டு எங்கள் வாசலுக்கு வந்ததும் தமிழுக்கு மாறிவிடுவார். தெலுங்கின் இழுவை மட்டும் கூடவே வரும். கன்னடம் பேசுகிற வீடுகளும் பக்கத்தில் இருந்தன. தாண்டிக்குடி, பண்ணைக்காட்டிலிருந்து காப்பிக்கொட்டை மூட்டைகள் பட்டிவீரன்பட்டிக்கு இறங்கும்போது கூட வரும் மலைச்சனங்களின் பேச்சு இன்னொரு தாளத்தில் இருக்கும். இத்தனை குரல்களுக்கு நடுவில் வளர்ந்த எங்களுக்கு ஒரு பேச்சு சரி, இன்னொன்று தப்பு என்கிற நினைப்பே வந்ததில்லை. தெலுங்கு வீட்டுப் பையன் "அவய்ங்க வந்தாய்ங்க" என்பான். நான் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெலுங்கில் எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த பிறகு பேச்சுப் போட்டி ஒன்றுக்காக டவுனுக்குக் கூட்டிப் போனார்கள். உழவைப் பற்றி மனப்பாடம் செய்திருந்தேன். மேடை ஏறி வாழையில் தொடங்கினேன். "வாளப்பளம்" என்றுதான் வாயில் வந்தது. நடுவராக உட்கார்ந்திருந்த ஒருவர் கையை உயர்த்தி நிறுத்தி, நான் சொன்னதை அப்படியே என் குரலில் திருப்பிச் சொல்லிக் காட்டினார். அரங்கம் சிரித்தது. முன்வரிசைப் பிள்ளைகள் வாய் பொத்திச் சிரித்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மீதிப் பேச்சை முடித்தேனா, எப்படி இறங்கினேன் என்பதெல்லாம் நினைவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய சேதம், அதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. ழகரம் வருகிற சொற்களை ஒவ்வொன்றாக என் பேச்சிலிருந்து அப்புறப்படுத்தினேன். மழை என்று சொல்ல வேண்டிய இடத்தில் தூத்தல் என்றேன். கோழி சேவலாயிற்று. கிழமை சொல்ல வேண்டி வந்தால் தேதியைச் சொன்னேன். பழம் வேண்டுமென்றால் "அது ஒண்ணு குடு" என்று கையைக் காட்டினேன். பத்து வயதுப் பிள்ளை ஒவ்வொரு வாக்கியத்தையும் வாயைத் திறப்பதற்கு முன் மனசுக்குள் சோதித்துப் பார்ப்பது என்ன களைப்பு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வகுப்பில் பதில் தெரிந்தும் கை தூக்காத பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதுவே எனக்கு நினைவுக்கு வருகிறது. அவர்களில் பாதிப் பேராவது பாடம் தெரியாமல் உட்கார்ந்திருக்கவில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

என்னைக் கண்டுபிடித்தவர் எங்கள் தமிழய்யா. மன்னார்குடிப் பக்கத்துக்காரர், வேலைக்காக எங்கள் பக்கம் வந்தவர். "ஏன் தம்பி மழைக்குப் பயப்படுற?" என்று ஒருநாள் கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. கரும்பலகையில் ஒரு வாயை வரைந்தார். நாக்கு, அண்ணம், பல். நாக்கின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ழ. நாக்கின் விளிம்பு தடித்து அண்ணத்தை வருடினால் ள. இதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் எழுதி வைத்திருக்கிறார் என்றார். "ழ வேணும்னா கத்துக்க, ஒரு வாரம் போதும். வாசிக்கிறப்ப, மேடையில பேசறப்ப உதவும். ஆனா உங்க அப்பத்தாகிட்டப் போயி அதத் திருத்திராத."

அன்று அவர் சொன்னது வகுப்பில் எல்லோருக்குமான பாடமாகவே நீண்டது. யாழ்ப்பாணத்துக்காரர்களும் எங்களைப் போலத்தான் ழ வரும் இடத்தில் ள சொல்கிறார்கள். வட மாவட்டங்களில் அதே எழுத்து ய ஆகி, கோழி கோயியாகிறது. நாஞ்சில் நாட்டில் ழ அப்படியே நிற்கிறது. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நாட்டுச் சொற்களையும் திசைச்சொல் என்று பெயர் கொடுத்துச் செய்யுளுக்குள் சேர்த்துக்கொண்டது தொல்காப்பியம். "அவரு உள்ளே கூப்பிட்ட ஆள வெளிய தள்ள இவுங்க யாரு?" என்று ஐயா குரலை உயர்த்திக் கேட்டது எங்களுக்குப் பிடித்துப் போயிற்று. எனக்காக ஒரு பெரிய மனிதர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

பிறகு ஒரு வேலை கொடுத்தார். வீட்டிலேயே வயது மூத்தவரிடம் உட்கார்ந்து, புத்தகத்தில் இல்லாத சொற்களை எழுதி வர வேண்டும். அப்பத்தாவுக்கு முதலில் சந்தேகம். "எம் பேச்ச எதுக்குய்யா பள்ளிக்கூடத்துல கேக்குறாக?" என்றது. அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. ரவைக்கு, பைய, அம்புட்டு, செத்த நேரம், பூராம், சோலி. தெலுங்கு வீட்டுப் பையன் மாட்டுக்குச் சொல்கிற சொற்களைக் கொண்டுவந்தான். மலையடிவாரத்துப் பிள்ளை ஒருத்தி பனி வகைகளுக்குப் பெயர் கொண்டுவந்தாள். ஐயா எல்லாவற்றையும் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார். கி. ராஜநாராயணன் என்றொருவர் கரிசல் காட்டுச் சொற்களை இப்படித்தான் திரட்டி 1982-ல் அகராதியாக்கினார், பள்ளிப் படிப்பை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது என்று அவர் சொன்னபோது எங்கள் அட்டையை நாங்கள் வேறு கண்ணால் பார்த்தோம்.

எங்கள் வகுப்பில் ஒருவன் திக்கித் திக்கிப் பேசுவான். தை 3-ஆம் தேதி எங்கள் ஊர்ச் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடும் திருவிழா. வேண்டுதல் நிறைவேறியவர்கள் கூடை கூடையாகப் பழம் சுமந்து ஊர்வலமாக வருவார்கள். பூசை முடிந்ததும் பழத்தை வீச, ஊரே பொறுக்கும். கூட்டத்தில் "கோவிந்தா" என்று கத்தும்போது அவன் குரல்தான் எங்கள் எல்லோரையும் விட ஓங்கிக் கேட்கும். ஒரு இடறல் இருக்காது. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் பாடும்போதும் திக்கல் பெரும்பாலும் விலகும் என்று பின்னால் படித்தேன். ஐயா அதைப் படித்துத் தெரிந்துகொண்டாரோ, பார்த்துத் தெரிந்துகொண்டாரோ, அவனைத் தனியாக எழுப்பி வாசிக்கச் சொல்லமாட்டார். இருவர் மூவராகச் சேர்த்து வாசிக்க வைப்பார். அவனாகப் பேசும்போது அவனுக்குப் பதிலாக யாரும் சொல்லை முடித்துவைக்கக் கூடாது என்பது வகுப்பின் சட்டம். காத்திருப்போம். அவன் முடிப்பான்.

வீட்டில் எங்களுக்கு இன்னொரு துணை, கோடைப் பண்பலை. 100.5-ல் முள்ளை வைத்தால் கொடைக்கானல் மலையிலிருந்து, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலிருந்து குரல் இறங்கி வரும். பாட்டைவிட, நேயர்கள் தொலைபேசியில் பேசுவதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. தேனிக்காரர் "அதத்தேன் சொல்றேன்" என்பார். கரூர்ப்பக்கத்து அம்மா "ஏனுங்க" என்று தொடங்குவார். திருச்சிக்காரர் வேறு மாதிரி நிறுத்திப் பேசுவார். யாரையும் யாரும் திருத்தவில்லை. அறிவிப்பாளர் சிரித்துப் பேசி, கேட்ட பாட்டைப் போட்டார். ரேடியோவில் வருகிற பேச்சு என்றால் செய்தி வாசிக்கிற பேச்சு என்று நினைத்திருந்த எனக்கு, எங்கள் தெருவில் பேசுவது போலவே காற்றில் வருகிறதே என்பது பெரிய பலம். அடுப்படியில் இருந்து அப்பத்தா அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே கேட்கும்.

அந்த ஆண்டின் கடைசியில் ஐயா ஒரு மெல்லிய புத்தகத்தோடு வகுப்புக்கு வந்தார். பக்கத்து ஊரான வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா எழுதி 1959-ல் புத்தகமாக வந்த 'வாடிவாசல்'. அதே வத்தலக்குண்டில் 1872-ல் பிறந்த ராஜமய்யர்தான் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதினார், தமிழ் நாவலுக்குள் மனிதர்கள் பேசுகிறபடியே பேசத் தொடங்கியதில் அவருக்குப் பங்குண்டு என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, சல்லிக்கட்டுத் திடலில் ஆட்கள் பேசிக்கொள்ளும் இடத்தை வாசிக்க ஆரம்பித்தார். அவர் வாயில் காவிரித் தண்ணீர்தான் ஓடியது. சொற்கள் மெதுவாக விரிந்தன. மாடு பாயவே இல்லை. எங்களுக்குள் நெளிந்தோம். அவரே நிறுத்தினார்.

"எனக்கு இது வரலப்பா. இது உங்க பேச்சு. நீங்க வாசிச்சாத்தான் சரியா இருக்கும்."

நானும் திக்கிப் பேசுகிறவனும் சேர்ந்து எழுந்தோம். வாசிக்க வாசிக்க வகுப்பு முன்னால் சாய்ந்து கேட்டது. பழம் என்கிற சொல் எங்கும் தடுக்கவில்லை, தடுத்தாலும் நான் நின்றிருக்க மாட்டேன். முடித்ததும் ஐயா எங்களைப் பார்த்தே ஒரு வரியைச் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவன் தலையை ஆட்டினான்.

"அ... அப்பிடி இல்லங்கய்யா. க... கடேசில இளுக்கணும்."

ஐயா இழுத்தார்.

"இன்னும் அம்புட்டு இளுங்கய்யா."

ஐயா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுபடி சொன்னார். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. மணி அடித்த பிறகும் விடவில்லை, அடுத்த வகுப்பு வாத்தியார் வாசலில் வந்து நிற்கும் வரை அவரைச் சொல்லச் சொல்லிக்கொண்டே இருந்தான்.