ஆறுமணி விருந்தாளி

நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூரை அடுத்துக் காவிரி அகன்று ஓடுகின்றது. சேடர்பாளையம் படுகை அணையினின்று பிரிந்துவரும் இராசவாய்க்கால் அப்பகுதியை வளம்படுத்துகின்றது. வாய்க்காற்கரைத் தடத்தின் மருங்கில் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் செழித்துள்ளன. பின்பனி கழிந்து இளவேனில் தலைகாட்டும் பங்குனித் திங்களில், வைகறையில் அத்தடத்தே நடப்போர் ஓர் அரிய காட்சியைக் காண்பர். குளிர்காலத்தை நம் நாட்டிற் கழித்த பறவைகள் தாயகம் திரும்பும் காலம் அது.

நீரோரத்தில் வாலை ஓயாது அசைத்துப் பூச்சி பொறுக்கும் சாம்பல் வாலாட்டி, இமயத்திற்கும் அதற்கு அப்பாலும் செல்லும். சோளக் கொல்லைகளிற் கூட்டமாய் இறங்கும் சூறைக்குருவி, நடு ஆசியப் புல்வெளிகளை நாடும். பச்சை முதுகும் நீலத் தோளும் குறுவாலும் உடைய ஆறுமணிக்குருவியோ, நடு இந்தியக் காடுகளுக்கும் இமயத்தின் அடிவாரத்திற்கும் சென்று கூடு கட்டும். காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குச் சீழ்க்கை அடிப்பதால் அதற்கு அப்பெயர் வாய்த்தது.

அத்தடத்தில் கொடிக்கால் வைத்திருந்தார் முதியவர் ஒருவர். தோட்டத்தின் மூலையில் ஒரு மூங்கிற்புதர் இருந்தது. அதனை அழித்து மேலும் சில வரிசை வெற்றிலை நட்டால் கடனில் ஒரு பகுதியைத் தீர்க்கலாம் என்றான் மகன். அவன் சொல்லில் தவறில்லை. முதியவரும் இசைந்தார். ஒரு மாலையில் மகன் அரிவாளுடன் புதரை அணுகினான். உள்ளிருந்து சீழ்க்கை எழுந்தது. சருகுகளைப் புரட்டி இரை தேடிக்கொண்டிருந்தது ஒரு சிறு பறவை.

"அப்பாரு, இது யார் வீட்டுக் குருவி?" என்றான் பேரன்.

"ஐப்பசியில் வந்த விருந்தாளி, கண்ணு. வந்த அன்று களைத்து நம் திண்ணையில் வீழ்ந்து கிடந்தது. பங்குனி, சித்திரையிற் புறப்பட்டுவிடும்."

"அப்படியானால் அது போனபின் வெட்டுவோம்," என்றான் மகன்.

"அடுத்த ஐப்பசியில் வந்தால் எங்கே தங்கும்?" என்று கேட்டான் சிறுவன். தந்தை விடை கூறவில்லை. அரிவாளைத் தோளிற் சார்த்திக்கொண்டு திரும்பினான்.

குமரித்துறையில் நீராடி வடக்கே மீளும் நாரையைச் சத்திமுற்றப் புலவர் பண்டே பாடினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1959ஆம் ஆண்டில் பறவைகளின் காலில் வளையம் பூட்டி வலசையை ஆராயும் பெரும்பணியைத் தொடங்கினர். வலசைப் பறவைகளுட் பல, ஆண்டுதோறும் முன்பு தங்கிய இடத்தையே தேடி வருதலை இம்முறை மெய்ப்பித்துள்ளது. தேடிவந்த இடம் அழிந்திருப்பின் அவை எங்கே செல்லும்?

கடன் தீர மேலும் ஓராண்டு ஆயிற்று. மூங்கிற்புதர் அங்கேயே நின்றது. ஐப்பசி பிறந்ததும் சிறுவன் மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து செவி சாய்த்திருந்தான். ஒருநாள், விளக்கேற்றும் வேளையில், புதரினின்று அச்சீழ்க்கை கேட்டது. அதே பறவையோ, அதன் குஞ்சோ, யார் அறிவார்? முதன்முதலில் எழுந்து வெளியே வந்தவன் அவன் தந்தையே.