ஏட்டில் ஏறிய பெயர்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, செய்தே தீரவேண்டிய கடமை. மற்றொன்று, வாங்கித் திருப்பித் தரவேண்டிய பொருள். புறநானூற்றில் பொன்முடியார், தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடமைகளைக் கடன் என்ற சொல்லாலேயே எண்ணிக் காட்டுகிறார். கிள்ளான் வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் அப்பாடலை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கி வந்த தமிழாசிரியர் ஒருவரின் வாழ்வில், அவ்விரு பொருளும் ஒருநாள் ஒன்றோடொன்று மோதின.

அவருடைய தம்பிக்கு ஜொகூரில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. போய்வர மகிழுந்து வேண்டும். வேலைக்குப் புதியவன் ஆதலால் அவனை நம்பிக் கடன் தருவார் இல்லை. “உங்கள் பேரை மட்டும் கொடுங்கள், அண்ணா, மாதத் தவணையை நான் கட்டிவிடுகிறேன்” என்றான். தம்பிக்கு உதவுவது அண்ணனின் கடன் என்று தாயாரும் சொன்னார். ஆசிரியர் கையொப்பமிட்டார்.

ஈராண்டுகள் கழிந்தன. வாடகை வீட்டை விட்டுச் சொந்தமாக ஒரு வீடு வாங்க எண்ணிய ஆசிரியர், சிறுகச் சிறுக முன்பணம் சேர்த்து வங்கியில் விண்ணப்பித்தார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மற்றொரு வங்கியும் மறுத்தது. எவரிடமும் ஒரு காசு பாக்கி வைத்தறியாத அவருக்கு இஃது ஏன் என்று விளங்கவில்லை.

காரணத்தை அறிய, பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை வாங்கிப் பார்த்தார். 2001ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கணினி ஏடு அது. வங்கிகள் தம்மிடம் கடன் பெற்றோரின் விவரங்களை அதற்கு அனுப்புகின்றன. கடந்த 12 மாதங்களுக்கும் மாதத்திற்கு ஓர் எண் அதில் இருக்கும். தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் 0. ஒரு மாத நிலுவை என்றால் 1. இரு மாதம் என்றால் 2. மகிழுந்துக் கடனுக்கு நேரே 1, 2, 2, 3 என எண்கள் நின்றன. தம்பிக்கு மிகைநேர வேலை நின்றுபோயிருந்தது. எச்சரிக்கைக் கடிதங்கள் ஜொகூர் முகவரிக்கே சென்றன. அவற்றை அவன் மறைத்துவிட்டான். மகிழுந்து பறிமுதலாகும் நிலை. பறிமுதலாகி ஏலம் போனாலும், ஏலத்தொகை போதாவிடில் எஞ்சிய கடன் கையொப்பமிட்டவர் தலையிலேயே நிற்கும்.

முன்னாளில் ரப்பர்த் தோட்டத்து மளிகைக் கடையிலும் ஓர் ஏடு இருந்தது. பால்வெட்டுக் குறைந்த மழை மாதத்தில் பற்று ஏறினால், கடைக்காரர் அதன் காரணத்தை அறிவார். வேண்டியவர்க்குப் பொறுப்பார், வேண்டாதவரை நாலுபேர் முன்னிலையில் ஏசுவார். இன்றைய ஏடோ முகம் அறியாதது. வண்டியை ஓட்டியவர் யார், வாக்குத் தந்தவர் யார், தவணை ஏன் தவறியது என்னும் செய்திகளுக்கு அதில் இடமில்லை. ஒப்பந்தத்தில் உள்ள பெயர் எதுவோ, அதன்கீழேயே நிலுவை எழுதப்படும்.

ஆயினும், அம்முகமற்ற ஏட்டில் ஒரு நேர்மையும் உண்டு. மக்கள் அதனைக் கறுப்புப் பட்டியல் என அஞ்சுகின்றனர், அஃது அவ்வாறன்று. இவருக்குக் கடன் தராதே என்று அது எந்த வங்கிக்கும் ஆணையிடுவதில்லை. வருமானத்தையும் பிற கடன் சுமைகளையும் சேர்த்து எடைபோட்டு முடிவெடுப்பது வங்கியே. மேலும், நிலுவையைத் தீர்த்துத் தொடர்ந்து கட்டிவந்தால், மாதந்தோறும் ஒரு பழைய எண் விலகி, ஒரு புதிய சுழியம் வந்து சேரும். 12 மாதங்களில் அவ்வரிசை தூய்மையாகும். வழக்குவரை செல்லவிட்டால்தான் வடு நீளும். சிடோஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் வழக்குச் செய்திகளையும் திரட்டி வைக்கின்றன.

தம்பி வந்தான், தலைகுனிந்து நின்றான். “எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அண்ணா” என்றான். முதல் மாதமே சொல்லியிருந்தால் ஒரு தவணையோடு போயிருக்கும். மறைத்ததே கடனைவிடப் பெரிய கேடாயிற்று. 2006ஆம் ஆண்டு பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே நிறுவனத்தில் இருவரும் கட்டணமின்றி ஆலோசனை பெற்றனர். வீட்டுக்கெனச் சேர்த்த முன்பணத்திலிருந்து நிலுவை தீர்க்கப்பட்டது. அதன்பின் சம்பள நாளன்றே தம்பி பணம் அனுப்ப, ஆசிரியர் தம் கையாலேயே தவணை கட்டினார். விரும்பிய வீடு வேறொருவருக்குப் போயிற்று.

ஓராண்டு சென்றது. அறிக்கையில் பன்னிரண்டு சுழியங்கள் வரிசையாக நின்றன. ஆசிரியர் வேறொரு வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, வங்கியின் பதிலுக்குக் காத்திருந்தார். அவ்வாரமே வகுப்பில் பொன்முடியார் பாடல் வந்தது. “அண்ணனுக்கும் தம்பிக்கும் உரிய கடன் என்ன, ஐயா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

ஆசிரியர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “கையொப்பமிடுமுன் தன் பெயருக்கு என்ன நேரும் என்பதை அறிந்துகொள்வது அண்ணனுடையது, கட்ட இயலாத முதல் மாதமே வந்து சொல்வது தம்பியுடையது” என்றார்.