எலியட்ஸ் பீச்சில் அடம்பிடித்த சக்கரம்!

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் போனா என்ன பண்ணுவீங்க? சோளம் கடிப்பீங்க, ஷ்மிட் நினைவகம் முன்னால போட்டோ எடுப்பீங்க. நாங்க நாலு பேர், ஒரு கார் சக்கரத்தோட மல்லுக்கட்டினோம்!

நண்பனோட பெரியப்பாவின் பழைய மாருதி 800 அது. பீச் பக்கத்துத் தெருவுல மாசக்கணக்கா நின்ன வண்டி. அதை தி.நகர்ல சேர்க்கணும். ரெண்டு தெரு தாண்டலை... முன் டயர் பஞ்சர். ‘இன்ஜினீயரிங் பசங்கடா நாம!’னு ஜாக்கி போட்டு, நாலு நட்டையும் கழட்டியாச்சு. சக்கரம் மட்டும் அசையவே இல்லை!

வில்லன், கடல் காத்து. உப்பு ஈரத்துல இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தத் துரு, தான் தின்ன இரும்பைவிட அதிக இடத்தை அடைச்சுக்கும். சக்கரத்தின் நடு ஓட்டைக்கும் ஹப்புக்கும் இடையில முடியளவு சந்துதான். அதுல துரு உப்பினா, பசை போட்ட மாதிரி!

நண்பன் டயரை ஓங்கி உதைச்சான். நான் தரையில படுத்து, அடியில கைவிட்டுத் தட்டினேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடுச்சு பாருங்க...

“கையை எடு தம்பி!”

எதிர்ல இருந்த பஞ்சர் கடை அண்ணன் ஓடி வந்தார். ஜாக்கி சாய்ஞ்சிருந்தது. “வீல் போனா வாங்கிக்கலாம். கை போனா?”

அதுக்கப்புறம் நாங்க கப்சிப். வண்டியை மெதுவா இறக்கி, ஜாக்கியை நேரா வெச்சார். நாலு நட்டையும் திரும்ப மாட்டி, ஒரு சுத்து மட்டும் தளர்த்தி விட்டார். சக்கரம் தரையைத் தொட்டதும், வண்டியை ரெண்டடி முன்னால, ரெண்டடி பின்னால நகர்த்தி பிரேக் போடச் சொன்னார். ‘டக்!’ வண்டியோட எடையே துருவை உடைச்சிடுச்சு. மத்த சக்கரங்களுக்குச் செங்கல் அண்டக் கொடுத்து, மறுபடி ஜாக்கி. இப்போ கையால இழுத்ததும் சக்கரம் வந்துடுச்சு!

கம்பி பிரஷ்ஷால ஹப்பைத் தேய்ச்சு, நடுவுல மட்டும் லேசா கிரீஸ் தடவினார். “போல்ட்லயும் பிரேக்லயும் கிரீஸ் படக்கூடாது.” ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை எதிரெதிரா முறுக்கினார். (வேல்ஸ்ல லானெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவுல வந்த பேராம் இது!)

திரு.வி.க. பாலத்துல அடையாறைத் தாண்டும்போது யோசிச்சேன். 2015 டிசம்பர் வெள்ளத்துலயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் எத்தனை வண்டி தண்ணியில நின்னுச்சு? இன்ஜினைப் பார்த்திருப்போம், சீட்டைக் காயவெச்சிருப்போம். சக்கரத்துக்குப் பின்னால எத்தனை பேர் பார்த்தோம்?

மயிலாப்பூர் மாடவீதி வந்தது. பங்குனித் தேரை ஊரே வடம் பிடிச்சு இழுக்கும். ஆனா முட்டுக்கட்டை போடுறவர் கண்ணு மட்டும் சக்கரத்தை விட்டு நகராது. அண்ணன் வெச்ச செங்கல் ஞாபகம் வந்தது.

தி.நகர் வந்து சேர்ந்ததும் நண்பன் வீட்டுக்குள்ள போகலை. ஸ்பேனரை எடுத்தான். நடு ராத்திரி, கொட்டுற மழையில தெரிஞ்சுக்கிறதைவிட, வீட்டு வாசல்லயே தெரிஞ்சுக்கிறது நல்லதில்லையா? மீதி மூணு சக்கரத்தையும் ஒவ்வொண்ணா கழட்டிப் பார்த்தோம். ரெண்டு வந்துச்சு. மூணாவது, அதே அடம்!

இந்த முறை யாரும் உதைக்கலை.